மருந்தில்லாத் துவக்கு



தாய் ஒருவரின் கடிதம் என் மேசையில் கிடக்கிறது. அவருடைய காக்காவின் வீட்டில் பழைய எயார் ரைபிள் ஒன்று இருக்கிறதாம். பன்னிரண்டு வயது மகன் பாடசாலை விட்டு வந்ததும் மாமா வீடே தஞ்சம் என்று ஓடி விடுகிறானாம். இவர் தடுத்தால், "மருந்து போட்டுச் சுடுகிற துவக்கா இது? வெறும் காற்றுத்தானே தங்கச்சி, விளையாட்டுச் சாமானுக்கு ஏன் இந்தப் பயம்?" என்று காக்கா சிரிக்கிறாராம். அண்மையில் மகன் ஒரு புறாவைச் சுட்டுக் கொண்டு வந்து உம்மாவின் கையில் கொடுத்திருக்கிறான். இதைச் சமைக்கலாமா என்பது அவரது ஒரு கேள்வி. நான் வீணாகப் பயப்படுகிறேனா என்பது மற்றது.

முதலாவதற்குப் பதில் சுருக்கமானது. அறுக்கும் முன்பே உயிர் போயிருந்தால் அந்தப் புறா கூடாது. 'மிஃராழ்' என்னும் இறகில்லாத அம்பைப் பற்றி அதீ இப்னு ஹாத்திம் (ரழி) அவர்கள் நபி (ஸல்) அவர்களிடம் கேட்டுப் பெற்ற விளக்கம் ஹதீஸ் கிரந்தங்களில் உண்டு. அம்பு முனையால் குத்தி வேட்டைப் பிராணி செத்தால் உண்ணலாம். பக்கவாட்டில் அடிபட்டுச் செத்தால் உண்ணக்கூடாது. ஈயக் குண்டு கூரால் அல்ல, அடியால் கொல்கிறது என்பதே எமது ஷாஃபி மத்ஹபின் நிலைப்பாடு. பிற்காலச் சன்னங்களைப் பற்றி வேறு கருத்துடைய உலமாக்களும் இருக்கிறார்கள். எப்படியாயினும், பறவை உயிரோடு கைக்குக் கிடைத்து, பிஸ்மி சொல்லி முறைப்படி அறுத்திருந்தால் சமைத்து உண்ணத் தடையில்லை.

இரண்டாவது கேள்விக்குத்தான் நேரம் எடுக்க வேண்டும். காற்றுத் துவக்கு விளையாட்டுச் சாமானா என்று கேட்டால், அது எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்லாமல் பதில் சொல்ல முடியாது.

'துவக்கு' என்ற சொல்லிலிருந்தே ஆரம்பிக்கலாம். துவக்கும் துப்பாக்கியும் துருக்கி மொழியின் 'துபெக்' என்ற சொல்வழி வந்தவை என்பர் மொழியறிஞர். அச்சொல்லின் பழைய வடிவத்தை மஹ்மூத் அல் காஷ்கரி 1070களில் தொகுத்த துருக்கி மொழி அகராதியில் காணலாம். அங்கே அதன் பொருள் மருந்து வைத்துச் சுடும் ஆயுதமல்ல. உள்ளே துளையுள்ள ஒரு குழல். சிறு உருண்டையை உள்ளே போட்டு, வாயால் ஊதி, சிட்டுக்குருவி அடிக்கும் குழல். ஆகவே வெடிமருந்துத் துவக்கு பிறக்கும் முன்பே அதற்குப் பெயர் கொடுத்தது மூச்சுக் காற்றுதான். அரபியரும் ஊதுகுழலை அறிந்திருந்தனர். 'ஸப்தானா' என்று அவர்கள் அழைத்த அச்சொல், மலாய் மொழியின் 'சும்பித்தான்' என்பதிலிருந்து வந்ததாகக் கருதப்படுகிறது. எமது நாட்டு மலாய்ச் சகோதரர்களின் முன்னோர் பேசிய அம்மொழிச் சொல் அரபு வழியாக ஸ்பானிய மொழிவரை போய் 'செர்பத்தானா' ஆகியிருக்கிறது. கப்பலில் போனது கறுவாவும் மிளகும் மட்டுமல்ல போலும்.

காற்றை வாயால் ஊதாமல் இயந்திரத்தில் அடக்கி வைக்கலாம் என்று முதலில் கண்டவர்களுள் ஒருவர் அலெக்ஸாந்திரியாவின் தெஸிபியஸ். கி.மு. மூன்றாம் நூற்றாண்டைச் சேர்ந்தவர், முடி திருத்துபவர் ஒருவரின் மகன். வாப்பாவின் கடையில் தொங்கும் கண்ணாடியை இலகுவாக ஏற்றி இறக்க விரும்பி, கயிற்றின் மறுமுனையில் ஓர் ஈயக் குண்டைக் கட்டி, அதை ஒரு குழாயினுள் விட்டார். குண்டு கீழே இறங்கும்போது குழாயிலுள்ள காற்று நெருக்குண்டு சத்தத்துடன் வெளியேறியது. இன்னொருவர் அந்தச் சத்தத்தைத் தொல்லை என்று நினைத்திருப்பார். இவர் அதிலிருந்து நீர் ஏற்றும் பம்பு, தண்ணீரால் இயங்கும் இசைக்கருவி, இறுதியில் வெண்கல உருளைகளில் நெருக்கிய காற்றின் விசையால் எறியும் ஒரு கவண் இயந்திரம் என்று செய்துகொண்டே போனார். அந்தக் கவணைப் பற்றி எழுதி வைத்தவர் பைலோ என்ற கிரேக்கர். காற்றையும் நீரையும் கொண்டு செய்யும் கருவிகளைப் பற்றி பைலோ எழுதிய நூலின் மூலம் தொலைந்து போய், அது பெரும்பாலும் அரபு மொழிபெயர்ப்பிலேயே தப்பியிருக்கிறது.

கையில் ஏந்திச் சுடும் காற்றுத் துவக்கு ஐரோப்பாவில் 16ஆம் நூற்றாண்டில் தோன்றியது. சுவீடனின் ஸ்டொக்ஹோமிலுள்ள அரச ஆயுத நூதனசாலையில் சுமார் 1580ஆம் ஆண்டினது என்று சொல்லப்படும் ஒன்று இருக்கிறது. அதன் அடிக்கட்டையினுள் ஒரு துருத்தி. ஆம், தட்டானின் பட்டறையில் நெருப்பு ஊதும் அதே துருத்திதான். விசையை இழுத்தால் விற்சுருள் அதை ஒரேயடியாக அமுக்கிவிடும். 1608இல் பிரான்ஸில் டேவிட் ரிவோ என்பவர், லிசியோ நகரத்துக் கைவினைஞர் மரின், நான்காம் ஹென்றி மன்னருக்காகச் செய்த காற்றுத் துவக்கு ஒன்றை விபரித்து எழுதினார். துருத்திக்குப் பிறகு வந்தவற்றில் காற்றை முன்கூட்டியே பம்பினால் அடைத்து வைக்கும் முறை வந்தது. சிலவற்றில் குழலைச் சுற்றி இன்னொரு குழாய். சிலவற்றில் குழலுக்குக் கீழே தேங்காய் போல் தொங்கும் செப்பு உருண்டை. சிலவற்றில் தோளில் வைக்கும் அடிக்கட்டையே காற்றுத் தாங்கி.

இதையெல்லாம் யார் வாங்கினார்கள்? மன்னர்களும் பிரபுக்களும். எதற்கு? வேட்டைக்கு. அக்காலத்து மருந்துத் துவக்கை நினைத்துப் பாருங்கள். சக்கிமுக்கிக் கல் உரசிப் பொறி பறக்க வேண்டும். பொறி கிண்ணத்து மருந்தில் பற்ற வேண்டும். அது உள்ளே போய் வெடிக்க வேண்டும். இதற்கிடையில் மின்னலைக் கண்ட பறவை பறந்துவிடும். மழை தூறினால் மருந்து நனைந்து எதுவுமே நடக்காது. வெடித்தாலோ முன்னால் புகை மூடி, பட்டதா தப்பியதா என்றே தெரியாது. காற்றுத் துவக்கில் பொறியில்லை, புகையில்லை, மழைக்கும் அஞ்ச வேண்டியதில்லை, சத்தமும் குறைவு. ஒரு தடவை காற்றடைத்தால் பல தடவை சுடலாம். ஜேர்மானியச் சிற்றரசுகளில் ஒன்றான ஹெஸ்ஸன் டார்ம்ஸ்டாட்டை 18ஆம் நூற்றாண்டில் ஆண்ட எட்டாம் லுட்விக் இதைக் கொண்டு கலைமான் வேட்டையாடியவர். காட்டுப் பன்றியையும் இதனால் வீழ்த்தினார்கள். புறா அடிக்கும் சாமான் என்று எமது காக்கா நினைப்பதன் முப்பாட்டன் மான் வீழ்த்தியிருக்கிறான்.

அப்படியானால் எல்லோரும் ஏன் அதை வாங்கவில்லை? வீட்டில் பிரஷர் குக்கர் பாவிக்கும் சகோதரிகளுக்கு இதை விளக்கத் தேவையில்லை. மூடியின் றப்பர் வளையம் காய்ந்துவிட்டால் என்ன நடக்கிறது? எவ்வளவு நெருப்பு எரித்தாலும் பக்கத்தால் சீறிக்கொண்டு போய்விடும். அன்று றப்பர் இல்லை. பதனிட்ட தோலையும் கொம்பையும் செதுக்கி வால்வு செய்தார்கள். தோல் காய்ந்தால் காற்று நிற்காது. மயிரிழை பிசகாமல் பொருத்த மணிக்கூடு செய்பவனின் கை வேண்டும். விலையும் அதற்கேற்றதுதான். லண்டன் விக்டோரியா அல்பர்ட் நூதனசாலையில் கோல்பே என்ற கைவினைஞர் 1735 அளவில் செய்த காற்றுத் துவக்கு ஒன்று இருக்கிறது. வெள்ளி வேலைப்பாடு செய்த அது நகைப்பெட்டியில் வைக்க வேண்டிய பொருள். இவற்றோடு இன்னோர் ஆபத்து: பற்றவைப்புப் பலவீனமான காற்றுத் தாங்கி சுடுபவனின் கன்னத்தருகே வெடிக்கக் கூடும்.

இந்தக் கலை உச்சிக்கு வந்தது வியன்னாவில். பார்த்தலோமியோ ஜிராந்தோனி என்பவர் செய்த ரைபிளை ஒஸ்திரியப் படை 1780 அளவில் ஏற்றுக்கொண்டது. அடிக்கட்டையே காற்றுத் தாங்கி. அதை நிரப்பக் கைப்பம்பினால் ஏறக்குறைய 1500 தடவை அடிக்க வேண்டும். சைக்கிள் டயருக்கு நூறு தடவை அடித்தாலே எமது பிள்ளைகள் களைத்துப் போகிறார்கள்! அப்படி அடைத்த காற்றின் அழுத்தம் சதுர அங்குலத்துக்குச் சுமார் 800 இறாத்தல். சைக்கிள் டயரில் இருப்பது 50 இறாத்தல் அளவில்தான். குழலின் பக்கத்தில் இருபதுக்கு மேற்பட்ட ஈயக் குண்டுகள் வரிசையாக நிற்கும் ஒரு குழாய். துவக்கைச் சற்று நிமிர்த்தி, கட்டையைத் தள்ளினால் அடுத்த குண்டு வந்து உட்காரும். மற்றப் படைவீரன் ஒரு குண்டுக்கு மருந்து இடித்து முடிப்பதற்குள் இவன் பத்துக்கு மேல் சுட்டுவிடுவான். ஆனால் போர்க்களச் சேற்றில் அந்த நுட்பமான வால்வுகளைப் பேண முடியவில்லை. 1815 அளவில் படை அதைக் கைவிட்டது.

படையில் நிலைக்காத அந்த ஆயுதம் கடல் கடந்து அமெரிக்காவில் ஒரு பெண்ணின் தலையைத் தொட்டதைத்தான் கடிதம் எழுதிய சகோதரி கவனிக்க வேண்டும்.

1803இல் மெரிவெதர் லூயிஸ் என்ற இராணுவ அதிகாரி, ஜனாதிபதி ஜெபர்சனின் கட்டளைப்படி மேற்குக் கரையை நோக்கிப் பயணம் புறப்பட்டார். அவரிடம் ஒரு காற்று ரைபிள் இருந்தது. அதே ஆண்டு செப்டெம்பரில் அதைப் பார்த்த தோமஸ் ரொட்னி என்ற நீதிபதி, அது ஒரு தடவை காற்றடைத்தால் 22 தடவை சுடும் என்று தமது நாட்குறிப்பில் எழுதியிருப்பதால், அது ஜிராந்தோனி முறையில் அமைந்தது என்றே ஆய்வாளர் பலர் இன்று கருதுகின்றனர்.

பயணம் தொடங்கியது ஆகஸ்ட் 30ஆம் திகதி. பிட்ஸ்பர்க் நகரிலிருந்து மூன்று மைல் தூரத்தில் ஆற்றுத் தீவு ஒன்றில் படகை நிறுத்தினார்கள். அங்கிருந்தோர் புதுமையான துவக்கைக் காட்டும்படி கேட்கவே, லூயிஸ் 55 யார் தூரத்துக்கு ஏழு தடவை சுட்டுக் காட்டினார். பிறகு அதை ஒருவரிடம் கொடுத்தார். பழக்கமில்லாத அந்தக் கையில் அது தற்செயலாக வெடித்தது. நாற்பது யார் தூரத்தில் நின்ற ஒரு பெண்ணின் தொப்பியைத் துளைத்த குண்டு, நெற்றிப்பொட்டைச் சீவிச் சென்றது. இரத்தம் பாய அவள் அந்த இடத்திலேயே விழுந்தாள். செத்தே போனாள் என்று எல்லோரும் நடுங்கி நின்றனர். ஒரு நிமிடத்தில் அவள் கண் விழித்தாள். காயம் ஆபத்தானதல்ல என்று பின்னர் தெரிந்தது. பெரும் புகழ்பெற்ற அந்தப் பயணத்தின் நாட்குறிப்பு இந்தச் சம்பவத்தோடுதான் ஆரம்பமாகிறது. குண்டின் விட்டத்தில் எத்தனையில் ஒரு பங்கு நெற்றியைக் கிழித்தது என்பது வரை எழுதிய லூயிஸ், அப்பெண்ணின் பெயரை எழுதவில்லை.

சகோதரியே, அந்தக் குண்டும் வெறும் காற்றால் வந்ததுதான். கால் விரலளவு விலகியிருந்தால் அவள் எழுந்திருக்க மாட்டாள். உங்கள் காக்காவின் ரைபிளுக்கு அவ்வளவு பலமில்லை என்பது உண்மை. ஆனால் அதன் சிறு ஈயக் குண்டு கண்ணில் பட்டால் பார்வை போய்விடும். பிள்ளைகளின் மெல்லிய மண்டையோட்டைத் துளைத்த சம்பவங்கள் மருத்துவ ஏடுகளில் பதிவாகியிருக்கின்றன. சுவரிலும் கல்லிலும் பட்டுத் திரும்பி வரவும் செய்யும். நீங்கள் வீணாகப் பயப்படவில்லை. ரைபிளைப் பூட்டி வைக்கச் சொல்லுங்கள்; குண்டை வேறிடத்தில் வைக்கச் சொல்லுங்கள். அனுமதிப்பத்திரம் பற்றியும் காக்கா பொலிஸில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது.

அந்த நாட்குறிப்பிலிருந்து இன்னொரு நாளையும் சொல்லிவிடுகிறேன். 1805 ஆகஸ்ட் 17. லூயிஸின் குழு மலைநாட்டு ஷொஷோனி மக்களைச் சந்தித்தது. குழுவோடு மொழிபெயர்க்க வந்தவள் சக்காஜவேயா என்ற இளம் தாய். ஆறு மாதக் குழந்தை கையில். சிறுமியாக இருந்தபோது வேற்றுக் குலத்தார் அவளைக் கடத்திச் சென்றிருந்தனர். அன்று பேச்சுவார்த்தைக்கு வந்த தலைவன் தன் கூடப்பிறந்த சகோதரன் என்று கண்டு ஓடிப்போய்க் கட்டியணைத்து அழுதாள். அதே நாளில் லூயிஸ் தமது காற்று ரைபிளையும் சுட்டுக் காட்டினார். நெருப்புமில்லாமல் புகையுமில்லாமல் குண்டு போவதைக் கண்ட அம்மக்கள் அதற்கு 'மாபெரும் மருந்து' என்று பெயர் வைத்தார்கள். தெய்வீக சக்தியுள்ள எதையும் அவர்கள் மருந்து என்றே சொல்வார்களாம். மருந்தில்லாத துவக்குக்கு மருந்து என்றே பெயர்!

வேட்டைக் காட்டிலிருந்து காற்றுத் துவக்கை வெளியேற்றியவர் ஒரு பாதிரியார். ஸ்கொட்லாந்தின் அலெக்சாண்டர் போர்சித், வாத்து வேட்டைப் பிரியர். சக்கிமுக்கியின் மின்னலைக் கண்டு பறவைகள் தப்புவது பொறுக்காமல், தட்டினால் உடனே வெடிக்கும் இரசாயன மருந்தைப் பாவிக்கும் முறையைக் கண்டு 1807இல் உரிமம் பெற்றார். அதன்பின் உலோகத் தோட்டாக்கள் வந்தன. காற்றின் தனிச் சிறப்புகள் ஒவ்வொன்றாகப் போய்விட்டன. சத்தமின்மை மட்டும் மிஞ்சியது. இங்கிலாந்தில் கைத்தடிபோல் தோற்றமளிக்கும் காற்றுத் துவக்குகள் விற்பனையாகின. இந்த அமைதி மக்களுக்கு ஏற்படுத்திய பயத்தைத்தான் ஷெர்லொக் ஹோம்ஸ் கதையை எழுதிய கொனன் டொயில் 1903இல் பயன்படுத்தினார். புலி வேட்டைக்காரரான கேர்ணல் மோரன் இருட்டிலிருந்து ஹோம்ஸைக் குறிவைப்பது காற்றுத் துவக்கால்தான்.

விளையாட்டுச் சாமான் என்ற பெயர் வந்தது அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில். பிளிமத் நகரில் காற்றாடி இயந்திரம் செய்யும் கம்பனி ஒன்றின் வியாபாரம் படுத்துவிட்டது. 1888இல் ஒருவர் உலோகத்தில் செய்த சிறு காற்றுத் துவக்கைக் கொண்டு வந்து காட்ட, முதலாளிகளில் ஒருவர் சுட்டுப் பார்த்து 'டெய்சி!' என்றாராம். அக்காலப் பேச்சில் அருமையான பொருள் என்று அர்த்தம். காற்றாடி வாங்கும் விவசாயிக்கு ஒரு துவக்கு இனாம் என்று கொடுக்கத் தொடங்கினார்கள். சில வருடங்களில் காற்றாடியை யாரும் கேட்கவில்லை, துவக்கைத்தான் கேட்டார்கள். 1895இல் கம்பனியின் பெயரே டெய்சி என்று மாறியது. மன்னர்களின் ஆயுதம் கடைசியில் இனாமாகக் கிடைக்கும் பொருளாகிவிட்டது. நியாயமாக வளர்ந்த குடும்பத்துப் பிள்ளை தெருவில் நிற்பதைப் போல எனக்குத் தோன்றுகிறது.

அதற்கு முன்பே அது வீட்டினுள் நுழைந்த ஒரு நல்ல வழியும் இருந்தது. ஒஸ்திரியப் பக்கத்து நகரங்களில் பலம் குறைந்த காற்றுத் துவக்கால் சிறு ஊசியம்புகளை எய்யும் குடும்பப் பொழுதுபோக்கு இருந்தது. இசைமேதை மொஸார்ட்டின் சால்ஸ்பர்க் வீட்டில் ஞாயிறுகளில் நண்பர்கள் கூடுவர். அவருடைய உம்மாவும் ராத்தா நானெர்லும் ஆண்களுக்குச் சமமாகக் குறிபார்த்தனர். முறை வைத்து ஒவ்வொருவரும் பரிசுத் தொகையும், கேலிச் சித்திரம் தீட்டிய இலக்குப் பலகையும் கொடுக்க வேண்டும். பந்தயப் பணம் எமக்கு ஒவ்வாதது. பலகைச் சித்திரங்களோ சுவையானவை. 1777இல் மொஸார்ட்டும் உம்மாவும் வெளியூர் போனபோது அவர்களது பங்குக்கு மற்றவர்கள் சுட்டார்கள். மொஸார்ட் ஓக்ஸ்பர்க்கில் சாச்சா மகளைப் பிரிந்து வந்த சமயம், கண்ணீரில் கரைந்து விடைபெறும் இருவரைப் பலகையில் வரைந்து, அதைக் கடிதத்திலும் எழுதி அனுப்பினார் வாப்பா. மகனைச் சீண்டுவதற்கு எவ்வளவு தூரம் என்றாலும் சில வாப்பாமார் விடமாட்டார்கள்.

இன்று ஒலிம்பிக் போட்டியிலுள்ள 10 மீற்றர் காற்று ரைபிள் இந்த வீட்டு விளையாட்டின் வழியில் வந்ததுதான். 1984ஆம் ஆண்டு லொஸ் ஏஞ்சலிஸில் அது சேர்க்கப்பட்டபோதே பெண்களுக்கும் தனிப் போட்டி இருந்தது. குண்டு 4.5 மில்லிமீற்றர், இலக்கின் நடுப்புள்ளி அரை மில்லிமீற்றர். இன்றைய ரைபிளில் மீண்டும், ஜிராந்தோனியைப் போலவே, முன்கூட்டி அடைத்த காற்றுத் தாங்கி. துருத்தியும் விற்சுருளும் போய்ப் பழைய முறையே வென்றிருக்கிறது. தமிழ்நாட்டின் கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் 2019இல் ரியோ டி ஜெனீரோ உலகக் கிண்ணத்தில் தங்கம் வென்றது இந்தப் பிரிவில்தான்.

அங்கே பயிற்சியாளர் கண் முன்னால், துவக்கின் வாய் இலக்கைத் தவிர வேறெங்கும் திரும்பாமல், கட்டளை வரும்வரை விரலை விசையில் வைக்காமல் பிள்ளைகள் பழகுகிறார்கள். கடிதம் எழுதிய சகோதரியின் மகனுக்கு ஆசை விடவில்லையென்றால் மாமா வீட்டு வளவுக்குப் பதில் இப்படியான ஓரிடத்தைத் தேடிப் பாருங்கள்.

2012 லண்டன் ஒலிம்பிக்கில் இந்தப் போட்டிக்கு வந்தவர்களுள் மலேசியாவின் நூர் சுர்யானி தாயிபி என்ற சகோதரியும் ஒருவர். அப்போது அவர் எட்டு மாதக் கர்ப்பிணி. கையில் நாலைந்து கிலோ ரைபிள், வயிற்றில் குழந்தை; 56 பேரில் 34ஆவது இடம் பெற்றார். குறிபார்க்கையில் குழந்தை உதைத்தால் என்ன செய்வீர்கள் என்று பத்திரிகையாளர்களுக்கு ஒரே கவலை. உம்மா கொஞ்ச நேரம் சுடப் போகிறேன், அசையாமல் இரு மகள் என்று வயிற்றிலிருக்கும் பிள்ளையிடம் முதலிலேயே சொல்லி விடுவேன் என்றாராம் அவர்.